காக்கையும் பனம்பழமும்

சுவாதி நட்சத்திரம் கூடிய நாளில் பெய்யும் மழையின் ஒரு துளி, வாய் திறந்து காத்திருக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று, தூத்துக்குடியில் முத்துக்குளிக்கும் சலாபம் நடந்த காலமெல்லாம் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே நம்பினார்கள். மழையும் மெய், முத்தும் மெய். இரண்டுக்கும் நடுவே கட்டப்பட்ட சம்பந்தம் மட்டுமே பொய். பின்னர், மணற்பொடி ஒன்று உள்ளே புகுந்து உறுத்துவதால் முத்து விளைகிறது என்றார்கள். அதுவும் முழு உண்மையன்று. சிப்பியின் ஓட்டை உள்ளிருந்து வளர்க்கும் மென்படலத்தின் உயிரணுக்கள் அதன் உடலுக்குள் போய்ச் சேர்ந்து பையாகப் படர்ந்தாலொழிய முத்து உருவாவதில்லை. 1973-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அந்தப் படலத்தின் சிறு துண்டு ஒன்றை ஒரு மணியோடு சேர்த்துச் சிப்பிக்குள் வைத்துத்தான் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். ஒரு காரியத்துக்கு இன்னதுதான் காரணம் என்று துணிந்து சொல்வதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதை இந்தக் கடற்கரை நெடுங்காலமாக அறியும்.

அந்தப் பொறுமையை நினைக்கும்படி நேர்ந்தது ஒரு மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, ஒரு படகின் நிழலில் வலைக் குவியல்மேல் சாய்ந்துகொண்டு, பதினான்கு வயதிருக்கும் சிறுவன் ஒருவன் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அவன் தாய் என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, நாளெல்லாம் சுட்டுக்கிட்டே கெடக்கான். பேப்பர்ல எல்லாம் போடுதாங்களே, அந்த மாதிரி ஆயிருவானோன்னு பயமா இருக்கு."

அவளுடைய அச்சம் அற்பமானதன்று. 2022 ஜூன் மாதத்தில் லக்னோ நகரில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயையே சுட்டுக் கொன்றான். பப்ஜி என்னும் ஆட்டத்தை ஆடவிடாமல் தாய் தடுத்ததே காரணம் என்று காவல் துறையினர் முதலில் சொன்னார்கள். நாடெங்கும் பத்திரிகைகள் அதையே தலைப்பாக இட்டன. அந்த ஆட்டத்தையோ, 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளை முடக்கியபோதே மத்திய அரசு தடுத்திருந்தது. அதற்கும் முன்னர், 2019-இல், குஜராத்தின் ராஜ்கோட்டில் அதை ஆடிய குற்றத்துக்காக இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டதும் உண்டு. ஆனால் லக்னோச் செய்தியின் நடுவில், பலருடைய கண்ணும் தங்காமல் கடந்துபோன ஒரு வாக்கியம் இருந்தது. ராணுவத்தில் பணிபுரிந்து வெளிமாநிலத்தில் இருந்த தந்தையின் பெயரில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி, குண்டுகளோடு, அச்சிறுவனின் கைக்கெட்டும் தூரத்தில் அந்த வீட்டிலேயே இருந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் காகதாலீய நியாயம் என்றார்கள். உடன்குடித் தேரிக்காட்டில் பனையேறியவர்களைக் கேட்டால், பழம் விழுவதற்கு அதன் காம்பு பழுத்துத் தளர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். காக்கை அமராத மரத்திலும் பழம் விழும், காக்கை அமர்ந்த மரங்கள் பலவற்றில் விழாது. இந்தியாவில் துப்பாக்கி ஆட்டங்களை ஆடும் பிள்ளைகள் கோடிக்கணக்கானவர்கள். அத்தனை பேருக்கும் பொதுவாக உள்ள ஒன்று, அவர்களுள் ஒருவன் மட்டும் கொலைகாரனானதற்கு விளக்கமாகுமா என்பதே விஞ்ஞானிகள் எழுப்பும் முதல் கேள்வி.

1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சகமாணவர்களைச் சுட்டுக் கொன்ற இருவரும் டூம் என்னும் ஆட்டத்தில் ஊறியவர்கள் என்பது தெரிந்த நாளிலிருந்து இவ்விவாதம் ஓயாமல் நடந்து வருகிறது. 2001-இல் ஆண்டர்சன், புஷ்மன் என்னும் இரு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, வன்முறை ஆட்டங்களுக்கும் ஆவேச நடத்தைக்கும் சிறியதாயினும் திட்டமான தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். அவர்கள் ஆவேசம் என்று எதை அளந்தார்கள் என்பதை வாசகர் அறிந்துகொள்வது அவசியம். ஆய்வுக்கூடத்தில் ஒருவரைச் சிறிது நேரம் ஆடவிட்டு, அடுத்த அறையில் எதிராளி ஒருவர் இருப்பதாக நம்பவைத்து, பொத்தானை முந்தி அமுக்கும் போட்டி ஒன்றை நடத்துவார்கள். வென்றவர், தோற்ற எதிராளியின் காதில் இரைச்சலை ஒலிக்கச் செய்யலாம். எவ்வளவு உரத்து, எவ்வளவு நேரம் ஒலிக்கச் செய்கிறார் என்பதே அவருடைய ஆவேசத்தின் அளவு. வேறு சில சோதனைகளில், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரக் குழம்பை ஊற்றிக் கொடுக்கிறார் என்று அளந்தார்கள். இரைச்சலைக் கூட்டியவரும் காரத்தைக் கொட்டியவரும் தெருவில் இறங்கி மனிதனைச் சுடுவார் என்பதற்கு இவற்றில் எதுவும் நிரூபணமாகாது. அன்றியும், அந்த இரைச்சல் சோதனை ஒன்றையே வெவ்வேறு ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு விதங்களில் கணக்கிட்டிருந்தார்கள் என்பதை மால்ட்டே எல்சன் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அளவுகோலை நினைத்தபடி நீட்டவும் குறுக்கவும் முடியுமானால் நினைத்த விடையும் வந்துவிடும். இது என்னைப் பெரிதும் வருந்தவைத்த செய்தி.

பிற்காலத்து ஆய்வுகள் கூடுதல் கண்டிப்புடன் நடந்தன. ஜெர்மனியில் சிமோனே கூனும் அவருடைய சகாக்களும், வளர்ந்தவர்களை இரண்டு மாத காலம் நாள்தோறும் ஒரு கொடூர ஆட்டத்தை ஆடவைத்து, ஆவேசமோ இரக்கக் குறைவோ வளரவில்லை என்று கண்டார்கள். 2019-இல் பிரிட்டனில் 14, 15 வயதுடைய 1,004 பேரை ஆராய்ந்த ஷிபில்ஸ்கி, வைன்ஸ்டைன் இருவரும், எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். பிள்ளையின் நடத்தையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு, ஆட்டத்தின் கொடூரத்துக்கு அதிகாரபூர்வமான தரப்பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தொடர்பு எதுவும் புலப்படவில்லை. எதிர்த்தரப்பையும் மறைக்கலாகாது. 2018-இல் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட இளையோரைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், காலப்போக்கில் கைகலப்பு சிறிதளவு கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம் இவ்விரண்டையும் கணக்கிலெடுத்தது: கூச்சலிடுவது, தள்ளுவது போன்ற நடத்தையோடு சிறு தொடர்பு உண்டு, கொலை போன்ற வன்செயல்களுக்கு இவ்வாட்டங்களைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை.

என் சித்தத்தை நெடுநாள் ஆட்கொண்ட ஆய்வு வேறொன்று. அதை நடத்திய இருவருள் ஒருவர், ஆட்டங்களின்மேல் குற்றம் சுமத்துவோரில் முதல்வரான அதே புஷ்மன். 2019-இல் வெளிவந்தது. 8 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுள் ஒரு பிரிவினருக்கு மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் துப்பாக்கியும், மற்றொரு பிரிவினருக்கு வாளும் வரும்படியாகவும், மூன்றாம் பிரிவினருக்கு ஆயுதமே வராதபடியும் அமைத்துக் கொடுத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் நிறைந்த ஓர் அறைக்குள் அவர்களை விட்டார்கள். அங்கிருந்த அலமாரி ஒன்றில், சுட இயலாதபடி செய்யப்பட்ட உண்மையான கைத்துப்பாக்கிகள் இருந்தன. துப்பாக்கி ஆட்டம் கண்டவர்களில் நூற்றுக்கு 62 பேர் அவற்றைத் தொட்டார்கள். வாள் கண்டவர்களில் 57 பேர். இவற்றைக் கொண்டு, ஆட்டமே பகை என்று முழங்குவது எளிது. ஆயுதமற்ற ஆட்டத்தைக் கண்ட பிள்ளைகளிலும் நூற்றுக்கு 44 பேர் அந்தத் துப்பாக்கிகளைத் தொட்டார்கள் என்னும் மூன்றாம் எண்ணையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கிற்று. அலமாரியில் துப்பாக்கி இல்லாதிருந்தால் மூன்று எண்களும் பூஜ்யமாகவே இருந்திருக்கும். இத்தகைய ஆட்டங்கள் மலிந்த ஜப்பானில் துப்பாக்கியால் நேரும் சாவுகள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை. மக்கள்தொகையை விடத் துப்பாக்கிகள் மிகுந்த அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டில் மட்டும், தற்கொலைகளையும் சேர்த்து, 48,000-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கிக்கு இரையானார்கள். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே விதமான ஆட்டங்களைத்தான் ஆடுகிறார்கள்.

தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு என்றால் நினைவுக்கு வருவது 2018 மே 22. அன்றும் மறுநாளும், தாமிர ஆலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது 13 பேர் காவல் துறையின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், யார் உத்தரவிட்டது, எச்சரிக்கை செய்யப்பட்டதா, எங்கிருந்து சுடப்பட்டது என்றெல்லாம் தோண்டிக் கேட்டது. ஒவ்வொரு சாவுக்கும் நாம் செலுத்தவேண்டிய மரியாதை இவ்வாறு கேட்பதுதான். ஒரு பிள்ளை கொலை செய்யும்போது மட்டும், ஆட்டத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிட்டதாக நாம் ஆறுதலடைந்துவிடுகிறோம்.

நம் தென்சீமையில் பிள்ளைகள் கையில் சிக்குவது பெரும்பாலும் துப்பாக்கியன்று, அரிவாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அக்கொடுமையை ஒட்டி நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியை நேருக்கு நேர் நோக்கினார். மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும், பள்ளிகளின் பெயரோடு ஒட்டிய சாதிப் பெயரையும் நீக்கச் சொன்னார். 2022-இல் இணைய ஆட்டங்களைப் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர்; அங்கே கேள்வி பணம் வைத்து ஆடும் சூதையும் அதில் பொருளிழந்து மாண்டவர்களையும் பற்றியது. ஒரே மனிதர் இரண்டு தீமைகளையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தார். ஆட்டத்தால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூக்கமும் படிப்பும் கெடும்படி அதற்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த நோய்க்கு அதற்குரிய சிகிச்சை வேண்டும்.

கடற்கரையில் அந்தத் தாய் கேட்டபோது இவ்வளவையும் நான் சொல்லவில்லை. இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று மட்டும் கேட்டேன். பன்னிரண்டு, ஒன்று ஆகும் என்றாள். அது சரியல்ல, கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள் என்றேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, "ஏல, யாரு கூடல உக்காந்து சாப்பிடுத?" என்றாள். அவன் திரையிலிருந்து முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி, ஐந்தாறு பெயர்களைச் சொன்னான்; அவர்களில் இருவர் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு, அவன் பக்கத்தில் வலைமேல் உட்கார்ந்து, அவர்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.