பொன் குஞ்சுக்கு மதிப்பெண் எதற்கு?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளையின் நிறமும் மூக்கும் பல்வரிசையும் கணக்கில் வருவதில்லை. அவள் பிள்ளை, அதனாலேயே அது அழகு. அந்தக் கண் மதிப்பெண் போடுவதில்லை. பிள்ளை அச்சமின்றி வளர்வதற்கான முதல் உரம் அந்தக் கண்ணிலிருந்தே கிடைக்கிறது என்பதைப் பிள்ளை வளர்த்தவர் அனைவரும் அறிவர்.

அதே பிள்ளையை மேடையேற்றி, முன்பின் அறியாத சிலர் கையில் தாளும் எழுதுகோலும் கொடுத்து, "இவள் முகத்திற்கு எத்தனை? நடைக்கு எத்தனை? உடைக்கு எத்தனை?" என்று கேட்டால் என்னவாகும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய அழகுப் போட்டிகள் குழந்தைகளுக்காகவே பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. இவை தகுமா, தகாதா என்ற விவாதம் அந்நாட்டுத் தொலைக்காட்சியையும் பத்திரிகைகளையும் நிரப்பியது. பிரெஞ்சு நாட்டிலோ பாராளுமன்றம் வரை சென்றது. எங்கோ நடக்கும் கூத்து என்று நாம் இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. குழந்தையின் பாதுகாப்பு உண்மையில் எதில் அடங்கியிருக்கிறது என்ற கேள்வி இந்த விவாதத்தின் நடுவில் நிற்கிறது. அந்தக் கேள்வி எல்லா இல்லங்களுக்கும் உரியது.

கண்காட்சியிலிருந்து மேடைக்கு

குழந்தைகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் புதியதன்று. 1855-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பி. டி. பார்னம் என்னும் காட்சி வியாபாரி தம் அருங்காட்சியகத்தில் குழந்தைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். சிறந்த குழந்தைக்கும், இரட்டைப் பிள்ளைகளுக்கும், மிகக் கொழுத்த குழந்தைக்கும் பரிசுகள் அளிக்கப்பட்டன. காண வந்தவர்கள் கட்டணம் கட்டினார்கள். 1911-இல் அயோவா மாநிலப் பொருட்காட்சியில் 'மேலான குழந்தை'ப் போட்டி தொடங்கியது. கால்நடைகளுக்கு மதிப்பெண் இடுவது போலவே குழந்தைகளின் உயரம், எடை, உடற்கட்டு ஆகியவற்றிற்கு அட்டையில் மதிப்பெண் இட்டார்கள். குழந்தை நலத்தைப் பேணுவதே அதன் நோக்கம் என்றார்கள். தாய்மார் பலர் நல்லெண்ணத்தோடுதான் அதில் கலந்துகொண்டனர். ஆயினும் 'உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி' என்று மக்களைப் பிரித்த இனமேம்பாட்டுக் கொள்கையும் அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்தது.

1921-இல் அட்லாண்டிக் நகரில் 'மிஸ் அமெரிக்கா' போட்டி தொடங்கியது. முதன்முதல் வெற்றி பெற்ற பெண்ணுக்கு வயது 16-தான். 1960-களில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பாலிசேட்ஸ் கேளிக்கைப் பூங்காவில் சிறுமியருக்கான போட்டிகள் நடைபெற்றன. அதன்பின் தென் மாநிலங்களில் இவை வேகமாகப் பெருகின.

இன்று இவற்றில் இரு வகை உண்டு. ஒன்று, ஒப்பனையைக் குறைத்து இயல்பான தோற்றத்தோடு நடத்தப்படுவது. மற்றொன்று, முழு அலங்காரப் போட்டி. இந்த இரண்டாம் வகையே பெரும் கண்டனத்திற்கு ஆளானது. நான்கு, ஐந்து வயதுச் சிறுமிக்குப் பொய்முடி வைக்கிறார்கள். தோலுக்குச் செயற்கை நிறம் தெளிக்கிறார்கள். கண்ணிமைக்குப் பொய்மயிர் ஒட்டுகிறார்கள். பால்பல் விழுந்த இடைவெளி தெரியாதபடி பொய்ப்பல் தகடும் மாட்டுகிறார்கள். பல் விழுந்த பொக்கை வாய்ச் சிரிப்பைவிட இனியது அந்த வயதில் வேறு உண்டா? அந்தச் சிரிப்பே அங்கே குறையாகிவிடுகிறது! நுழைவுக் கட்டணம், உடை, பயிற்சியாளர், பயணம், விடுதி என்று குடும்பங்கள் பெருந்தொகை செலவழிக்கின்றன. போட்டி நடத்துவோருக்கு அது வியாபாரம். மேடையில் நிற்பவளுக்கோ அது தூக்கமில்லாத ஒரு நீண்ட நாள்.

ஒரு சிறுமியின் மரணம்

1996-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஜோன்பெனே ராம்சி என்னும் ஆறு வயதுச் சிறுமி தன் இல்லத்திலேயே கொலையுண்டு கிடந்தாள். அவள் சிறுமியர் அழகுப் போட்டிகளில் பரிசு பெற்றவள். அவள் தாயும் 1977-இல் 'மிஸ் மேற்கு வர்ஜீனியா' பட்டம் பெற்றவர். ஒப்பனையோடு அவள் மேடையில் நடந்த ஒளிப்படங்கள் அடுத்த சில நாட்களில் உலகெங்கும் பரவின. குழந்தைகள் அழகுப் போட்டி என்று ஒன்று இருப்பதையே பலர் அப்போதுதான் அறிந்தனர்.

இங்கே நாம் நீதியோடு பேச வேண்டும். அந்தப் போட்டிகளால்தான் அவள் கொல்லப்பட்டாள் என்று எவரும் நிறுவவில்லை. பல ஆண்டுகள் உலகத்தின் ஐயம் பெற்றோர் மீது விழுந்தது. தாய் 2006-இல் புற்றுநோயால் இறந்தார். 2008-இல் அம்மாவட்ட அரசு வழக்கறிஞர் மரபணுச் சான்றின் அடிப்படையில் குடும்பத்தார் மீதிருந்த ஐயத்தை நீக்கி, அவர்களிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். வழக்கோ இன்னும் முடிவு காணவில்லை. எனவே, 'அழகுப் போட்டிக்கு அனுப்பினால் இதுதான் கதி' என்று அம்மரணத்தை எடுத்துக்காட்டாக நீட்டுவது துயருற்ற குடும்பத்தின்மீது மேலும் ஒரு கல் எறிவதாகும்.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'சிறுமியை இப்படி அலங்கரித்துக் காட்டலாமா?' என்று கடிந்துகொண்ட தொலைக்காட்சி நிலையங்களே அந்தக் காட்சிகளை இரவுதோறும் திரும்பத் திரும்பக் காட்டின. பத்திரிகைகள் அவள் முகத்தை அட்டையில் போட்டு விற்பனையைப் பெருக்கின. மேடையில் அவளைப் பார்த்தவர்கள் சில நூறு பேர். இறந்த பின் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். கண்டிப்பவனும் அதே காட்சியால் பிழைத்தால், அந்தக் கண்டனத்தால் குழந்தைக்கு என்ன பயன்?

ஆதரிப்போர் கூறுவன

இப்போட்டிகளை ஆதரிக்கும் பெற்றோர் எல்லாரும் கொடியவர் அல்லர். அவர்கள் கூறும் காரணங்களையும் கேட்போம். மேடையச்சம் நீங்குகிறது என்கிறார்கள். தாயும் மகளும் சேர்ந்து செலவிடும் நேரம் அது என்கிறார்கள். நீச்சலிலும் நடனத்திலும் பிள்ளைகளை இதைவிடக் கடுமையாக வாட்டுகிறார்களே, அவற்றை ஏன் குறை கூறுவதில்லை என்று கேட்கிறார்கள். என் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று சொல்ல அரசு யார் என்றும் கேட்கிறார்கள்.

இவற்றுள் முதல் இரண்டும் மறுக்கத் தக்கவையல்ல. ஆனால் மேடைப் பழக்கத்தைப் பேச்சும் பாட்டும் நாடகமும் தரமாட்டாவா? நீச்சலில் தோற்ற சிறுமி நாளை இன்னும் விரைந்து நீந்தலாம். முகத்திற்கு மதிப்பெண் குறைந்த சிறுமி நாளை என்ன செய்வாள்? முயற்சியால் திருத்திக்கொள்ள இயலாத ஒன்றில் அவளைத் தோற்கடிக்கிறோம் என்பதே வேறுபாடு.

ஆய்வுகள் கூறுவதையும் மிகைப்படுத்தலாகாது. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் அழகுப் போட்டிகளில் கலந்துகொண்ட 11 பெண்களையும் கலந்துகொள்ளாத 11 பெண்களையும் ஒப்பிட்டது. முன்னவரிடம் தம் உடலைப் பற்றிய மனக்குறையும் பிறர்மீது அவநம்பிக்கையும் மிகுந்திருந்தன. மனச்சோர்விலோ தன்மதிப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருபத்திரண்டு பேரைக் கொண்டு இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. ஆயினும் அமெரிக்க உளவியல் சங்கம் 2007-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, சிறுமியரைக் காமக் கவர்ச்சிப் பொருளாகக் காட்டும் பண்பாட்டை உணவுக் கோளாறு, தன்மதிப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி எச்சரித்தது. இது மேடைக்கு மட்டுமன்றி விளம்பரத்திற்கும் திரைப்படத்திற்கும் பொம்மைக்கும் உடைக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட எச்சரிக்கை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

2009-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் இப்போட்டிகளையே தொடர் நிகழ்ச்சியாக்கியது. 2011-இல் அதில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, ஒரு திரைப்படத்தில் வரும் விலைமகளின் உடையை அணிந்து மேடையில் நின்றது. பெற்றோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. குழந்தைக்கு அந்த உடையின் பொருள் தெரியாது என்று சிலர் சமாதானம் கூறினர். குழந்தைக்குத் தெரியாதுதான், பார்ப்பவர்க்குத் தெரியுமே! குழந்தையின் அறியாமையே அங்கே வேடிக்கைப் பொருளாயிற்று. மேடையை விட்டு அவள் இறங்கிவிடுவாள், படமோ இறங்காது. அவள் வளர்ந்து வாழும் நாளெல்லாம் அது எவர் கையிலேனும் இருக்கும்.

ஆனால் பொய்முடியையும் உதட்டுச் சாயத்தையும் அகற்றிவிட்டால் பிள்ளைகள் பாதுகாப்பாகிவிடுவர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த லாரி நாசர் என்பவரின் வழக்கில், 2018 சனவரியில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து, சிகிச்சை என்ற பெயரில் தாங்கள் சிறுவயது முதல் அனுபவித்த கொடுமையைச் சொன்னார்கள். அங்கே அழகுப் போட்டி இல்லை. பதக்கமும் தேசப் பெருமையும் இருந்தன. சிலர் முன்னரே முறையிட்டும் பெரியவர்கள் நம்பவில்லை. நம் திருச்சபையும் இதே பாடத்தைக் கண்ணீரோடு கற்க வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சிறார் பாதுகாப்புக்காகவே ஆயர்களை உரோமைக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார். அவ்வாண்டிலேயே முறையீடுகளைக் கையாளும் சட்டத்தையும் வகுத்தளித்தார்.

ஆக, ஆபத்தின் வேர் எது? பெரியவர்களுக்குப் புகழோ பணமோ பெருமையோ கிடைக்கும் இடத்தில், குழந்தையால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாமற் போவதே அதன் வேர். சொன்னாலும் அதைக் கேட்க ஆளில்லாமற் போவது அதனினும் கொடியது. அலங்காரப் போட்டியில் இது வெளிச்சத்தில் நடக்கிறது. மற்ற இடங்களில் மறைவில் நடக்கிறது.

பிரெஞ்சு நாடு எடுத்த முடிவு

2010 டிசம்பரில் பாரிஸ் நகரின் ஃபேஷன் இதழ் ஒன்று, சிறுமியரை வளர்ந்த பெண்களைப் போல் அலங்கரித்துப் படங்கள் வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. அரசின் வேண்டுகோளின்படி இப்பொருளை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை அளித்தவர் ஷாந்தால் ஜுவானோ. இவர் கராத்தே வீராங்கனை. விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்தவர். 2013 செப்டம்பரில் இவர் கொண்டுவந்த திருத்தத்தை ஏற்று, 16 வயதுக்குட்பட்டோர் அழகுப் போட்டிகளைத் தடை செய்ய மேலவை 197-க்கு 146 என்ற கணக்கில் வாக்களித்தது.

போட்டி நடத்துவோர், 'நாங்கள் அமெரிக்கரைப் போல் ஒப்பனை செய்வதில்லை' என்று முறையிட்டனர். அரசும் முழுத் தடையை விரும்பவில்லை. இறுதியில் 2014 ஆகஸ்ட் 4-ஆம் நாள் சட்டம், 13 வயதுக்குட்பட்டோருக்குத் தடை விதித்து, அதற்கு மேல் 16 வயது வரை முன்அனுமதி வேண்டும் என்று வகுத்தது. தடை வேண்டுமா, ஒழுங்குமுறை போதுமா என்பதில் நல்லவர்களே மாறுபட்டனர். ஆனால் பெற்றோர் விரும்பினால் எதுவும் செய்யலாம் என்ற வாதத்தை அச்சட்டம் ஏற்கவில்லை.

நம் இல்லங்களில்

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய காரியங்களில் குழந்தையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்கா இன்னும் அதனை உறுதி செய்யவில்லை. இந்தியா 1992-இலேயே ஏற்றது. திரைப்படம், விளம்பரம், தொலைக்காட்சி ஆகியவற்றில் பங்குபெறும் சிறார்க்காக நம் நாட்டில் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, வருவாயில் 20 விழுக்காட்டையேனும் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்கின்றன. பிள்ளையின் விருப்பத்திற்கு மாறாக ஈடுபடுத்தலாகாது என்றும் அவ்விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. 2019 சூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், நடனப் போட்டிகளில் வளர்ந்தோர்க்குரிய கவர்ச்சி அசைவுகளைச் சிறார் ஆடிக் காட்டுவது பற்றித் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்ப நேர்ந்தது. ஆக, விவாதம் அயல்நாட்டதாயினும் கேள்வி நம் வரவேற்பறை வரை வந்துவிட்டது.

அன்பான பெற்றோரே! மாறுவேடப் போட்டியில் மகனைப் பாரதியாராக நிறுத்துவதோ, ஆண்டுவிழாவில் மகளைக் கும்மியடிக்க அனுப்புவதோ குற்றமன்று. குழந்தைக்கு அது விளையாட்டாக இருக்கும்வரை நன்றே. ஆனால் சில கேள்விகளை நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். இந்த ஆட்டம் அவளுடைய வயதுக்கு உரியதா? இது அவள் ஆசையா, நம் ஆசையா? பாதியில் அழுதால் அழைத்து வந்துவிடுவோமா, 'மானம் போகிறது' என்று அதட்டி மேடைக்குத் தள்ளுவோமா? கைப்பேசியில் எடுத்த படம் யார் யார் கைக்குப் போகிறது? பயிற்சி அறையில் பெற்றோர் உட்கார்ந்திருக்க இடமுண்டா? 'அந்த மாமா வேண்டாம்', 'அந்த சார் வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால், ஏன் என்று பொறுமையாகக் கேட்போமா?

இன்னொன்று. போட்டி மேடைக்குப் போகாமலேயே நாம் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். 'அக்கா சிவப்பு, தங்கச்சி கறுப்பு' என்று விருந்தினர் முன் சொல்லும் ஒரு சொல், நடுவர் இடும் மதிப்பெண்ணைவிட ஆழமாகப் பதியும். நடுவர் ஒருநாள் மதிப்பிடுவார். வீட்டார் நாள்தோறும் மதிப்பிடுகிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு மணிமுடி வேண்டாம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று அவள் அச்சமின்றிச் சொல்வதற்கும், சொன்னதை நம்புவதற்கும் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். இன்றிரவு உணவு வேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவள் பேசுவதைக் கேளுங்கள்.