வாங்காத ஷூவுக்குக் கையெழுத்து

பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள், அடிபட்ட பிறகு எடுத்துவரும் காகிதங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஹெல்மெட், ஷூ, கையுறை எல்லாம் வழங்கப்பட்டதாக ஒரு பதிவேட்டின் நகல். கீழே அந்தப் பிள்ளையின் கையெழுத்து. கொடுத்தார்களா என்று கேட்டால், "இல்லீங்க, சேந்த அன்னிக்கு எல்லாத்துலயும் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்பார். கால் நசுங்கியவர், அதற்குப் பிறகு தன் கையெழுத்தை எதிர்த்துத் தானே வாதாட வேண்டியிருக்கிறது.

வேலைக்கு என்ன போட்டுக்கொண்டு போவது என்பதை இங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டில் எது பழசோ அதுதான் வேலைத் துணி. கடலுக்குக் கைலி, கம்பெனிக்குச் சாயம்போன பேன்ட், ஏரிக்குக் கிழிந்த புடவை. முதலாளிக்கும் இது வசதி. அவர் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. உயிர் போகும் இடங்களிலும் இதே வழக்கம்தான் நடக்கிறது.

முதலில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குத்தான் அது வேண்டும், நமக்கு நீச்சல் தெரியும் என்று ஊர் அதோடு விட்டுவிட்டது. மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டும்போது, நீச்சல் தெரிந்தவரின் தலையில் படகின் விளிம்பு மோதினால் நீச்சல் எங்கே உதவும்? மயங்கியவரை மிதக்க வைப்பது ஜாக்கெட் மட்டுமே. முகத்துவாரத்தைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களுக்காவது அது உடம்பில் இருக்க வேண்டும். படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

இருக்கிற ஜாக்கெட்டையும் உட்காரும் மெத்தையாக ஆக்கிவிடுகிறார்கள். நசுங்கிய நுரைக்கு மிதக்கும் சக்தி குறைந்துவிடும். அழுத்தி விட்டால் பழையபடி எழாத நுரை, வெயிலில் நைந்த நாடா, உடைந்த கொக்கி என ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த ஜாக்கெட்டை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது உள்பக்க முத்திரையைப் பாருங்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது கரையோரத்தில் நீச்சல் தெரிந்தவருக்கு மிதவைத் துணை மட்டும்தான். 100 அமைதியான நீருக்கு. கடலுக்குப் போகிறவர்கள் 150 கேளுங்கள். போட்டுக்கொண்டு, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவில்லை.

படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல், ஐஸ் எல்லாம் பொதுச் செலவில் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கிறீர்கள். ஜாக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் வர வேண்டும். கூட வருகிறவன் தன் பங்கிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றால் அவன் வாங்கமாட்டான், உங்களுக்கும் அது தெரியும்.

2020-இல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பத யோஜனாவில் பாரம்பரியப் படகு, மோட்டார் படகுகளுக்குப் பாதுகாப்புக் கருவித் தொகுப்பு மானியத்தில் உண்டு. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 60 சதவீதம். ஒதுக்கீடு இருக்கிறதா என்று பொன்னேரியில் உள்ள மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களோடு போங்கள். "அப்புறம் வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவின் இரண்டாம் பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். தரமறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு வந்த சேதி குப்பத்துக்கு எட்டுமுன் பயனாளிப் பட்டியல் முடிந்துவிட்டது என்று குறைபடுகிறவர்களுக்கு, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்டத்துக்கு எத்தனை வந்தது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு தாளை எழுத மக்களும் சோம்பல்படுகிறார்கள், அதுவே அலுவலகத்துக்குத் தெம்பாகிவிடுகிறது.

படகில் கைலி, தொங்கும் சால்வை வேண்டாம். சுழலும் என்ஜின் தண்டு துணி நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். முழங்கால் வரை இறுக்கமான கால்சட்டை போதும். ரப்பர் பூட் நல்லதுதான், ஆனால் ஏலம் போடும் இடத்தில், ஐஸ் உடைக்கும் இடத்தில். அதைப் போட்டுக்கொண்டு படகேறாதீர்கள், ஏரியில் இறங்காதீர்கள். உள்ளே நீர் நிறைந்தால் நீந்தவோ சேற்றிலிருந்து காலை உருவவோ முடியாது.

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் பெண்களைப் பற்றி எந்தப் பாதுகாப்புச் சுற்றறிக்கையும் பேசுவதில்லை. மணிக்கணக்காக நீரில் நிற்கிறார்கள். நனைந்த புடவை காலைச் சுற்றும், சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும், திருக்கை முள் ஏறும். புடவைக்குப் பதிலாக உடலை ஒட்டிய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும், காலில் இறுகக் கட்டிய மெல்லிய கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொள்ளலாம். "பொம்பளை பேன்ட் போடுறாளா" என்று கரையில் நின்று பேசுகிற ஆண்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. முள் குத்தினால் தோல் பொறுக்கும் சூட்டு நீரில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம். இவர்களில் படகு உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன 60 சதவீத மானியத்தைக் கேட்க வழி உண்டு. பழங்குடிச் சான்றிதழை மனுவோடு இணைக்க மறக்க வேண்டாம்.

இறால் உரிக்கும் கொட்டகைகளில் ஐஸ் நீரும் இறால் சாறும் சேர்ந்து விரல் தோலை அரித்துவிடும். கையுறை, ஏப்ரன், வழுக்காத காலணி எல்லாம் கொட்டகை முதலாளியின் செலவு. உள்ளே நனைந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி கேட்டு வாங்குங்கள்.

இனி கம்பெனி வேலை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948-லும் 114-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. ஆகவே "ஷூ பணம்" என்று சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். உங்களிடம் ஒப்படைத்த பொருளை உங்கள் அலட்சியத்தால் தொலைத்தால் மட்டும், விளக்கம் கேட்டபின் பிடிக்கலாம். கொடுக்கும் பொருளும் தரமாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டில் ஐஎஸ் 2925, ஷூவில் ஐஎஸ் 15298 என்று ஐஎஸ்ஐ முத்திரையோடு பொறித்திருக்கிறதா பாருங்கள்.

பணம் பிடித்தால், பொருள் தராவிட்டால் செய்யவேண்டியது: பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டைப் படமெடுங்கள். சீட்டு தருவதில்லை என்றால் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையைக் காட்டுங்கள். வேலை செய்யும் இடம், தேதி, எந்தப் பொருள் தரவில்லை என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்பந்தக்காரர், முதன்மை நிறுவனம் இருவர் பெயருக்கும் அனுப்புங்கள். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அனுப்பினால் அவர் கிழித்துப் போட்டுவிடுவார். நகலை தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்புங்கள். சம்பளப் பிடித்தத்தைத் தொழிலாளர் துறையில் தனி மனுவாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இவர் அவரிடம் போகச் சொல்வார், அவர் இவரிடம் போகச் சொல்வார். அசையவில்லை என்றால் முதல்வர் உதவி எண் 1100-இல் புகாரைப் பதிவுசெய்து எண் வாங்குங்கள். திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணோடு போய் நில்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கொடுத்த ஹெல்மெட்டை, புழுங்குகிறது என்று வேண்டுமென்றே கழற்றிவைத்துவிட்டு அடிபட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயங்களுக்கு இழப்பீட்டை மறுக்க முதலாளிக்குச் சட்டமே இடம் தருகிறது. வாங்காத ஹெல்மெட்டுக்குப் போட்ட கையெழுத்து இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். கொடுத்ததாகப் பதிவேடு சொல்லும், நீங்கள் கழற்றிவிட்டதாக நிறுவனம் சொல்லும்.

ஆகவே சொல்கிறேன். கையில் வாங்காத பொருளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் போட்டே ஆகவேண்டி வந்தால், அன்றைக்கே மேஸ்திரியின் வாட்ஸ்ஆப்புக்கு "ஷூ இன்னும் வரவில்லை, எப்போது தருவீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அழித்துவிடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றைக்கு அனுப்பலாம். விபத்து நடந்துவிட்டால், இஎஸ்ஐ எண் உள்ளவர்கள் நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று உடனே உறுதிசெய்யுங்கள்; இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு போட வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் "வேலையிடத்தில் விபத்து" என்று எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதவைக்க கூடவே ஒருவரை அனுப்புவார்கள்.

கடலில் விபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். தவணை முழுவதையும் அரசுகளே கட்டுகின்றன. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை, பொன்னேரிக்கு ஜாக்கெட் மனுவோடு போகிற அதே நாளில் கேட்டுவிடுங்கள்.