சரக்கு எங்கே நிற்கிறது?

குண்டூரில் வற்றல் ஏற்றிவிட்டால், ராயகிரிக்கு வந்து இறங்கும்வரை முன்பெல்லாம் லாரி ஆபீஸ்காரர் வாய்ச்சொல்தான் கணக்கு. "மதுரை தாண்டிவிட்டது" என்பார். வண்டி திருச்சியில் நிற்கும்.

இன்று லாரியில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி, செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டு வண்டி இருக்குமிடத்தைக் கணித்து, தன்னுள் இருக்கும் சிம் கார்டு வழியாக அனுப்புகிறது. எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் செல்போனிலேயே பார்க்கலாம்.

சொந்த லாரி இல்லாத நமக்கு இதனால் என்ன லாபம்? இ-வே பில்லை எண்ணிப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வெளிமாநிலச் சரக்குக்கு அது கட்டாயம். 2021 முதல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள்தான் அதன் ஆயுள். வழியில் வண்டி பழுதானால், கெடு முடிவதற்கு முந்திய 8 மணி, பிந்திய 8 மணி நேரத்திற்குள் நீட்டித்துவிட வேண்டும். தவறினால் சரக்கை நிறுத்தி, வரியைப் போல் இருமடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நீட்டிக்க வேண்டியவர் சரக்கை ஏற்றிவரும் டிரான்ஸ்போர்ட்காரர். நினைவூட்ட வேண்டியவர் நாம். வண்டி நிற்பது தெரிந்தால்தானே நினைவூட்ட முடியும்? ஆகவே வாடகை பேசும்போதே, வண்டி இருக்குமிடம் காட்டும் லிங்க்கையும் கேட்டு வாங்குவது நல்லது.