இராசபாளையம் நாய் வளர்க்கப் போறீங்களா? முதல்ல காதைப் பாருங்க!



ஆடு, மாடு, கோழி வாங்கக் கடன் கேட்டு நம்ம குழுக்களில் தீர்மானம் எழுதுவது வழக்கம். ஒரு குழுக் கூட்டத்தில் அக்கா ஒருத்தர், "இராசபாளையம் நாய் ஜோடி வாங்கி குட்டி விக்கப் போறேன், கடன் குடுங்க"ன்னு கேட்டாங்க. உடனே இன்னொரு உறுப்பினர் எழுந்து, "நான் வாங்குன குட்டிக்குக் காதே கேக்கல. வித்தவரு திருப்பி எடுத்துக்கவும் மாட்டேன்னுட்டாரு"ன்னு வருத்தப்பட்டாங்க. கடன் கேட்ட அக்கா யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படுமே என்று இந்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறோம்.

எப்படிப்பட்ட நாய் இது?

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம்தான் இதன் சொந்த ஊர். வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் நம்ம முன்னோர்கள் வளர்த்த இனம். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, மஞ்சள் கலந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று வெளியிட்டது.

வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும். புது ஆளை லேசில் நம்பாது. ஓடுவதற்கு இடம் வேணும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் முரடாகிவிடும். குட்டையான முடி என்பதால் நம்ம ஊர் வெயிலைத் தாங்கும். ஆனாலும் நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

காது ஏன் கேட்பதில்லை?

தோலுக்கு நிறம் தரும் செல்கள் காதுக்குள்ளேயும் இருக்கின்றன. சில வெள்ளைக் குட்டிகளுக்குக் காதில் அந்தச் செல்கள் இருக்காது. அதனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் அழிந்துவிடும். இது பிறவியிலேயே வருவது. மருந்து கிடையாது. வெள்ளையாக இருந்தாலே செவிடு என்றும் அர்த்தமில்லை. நல்லாக் காது கேட்கும் குட்டிகளும் நிறைய உண்டு.

வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

1. குட்டிக்கு ஆறு வாரமாவது ஆகியிருக்கணும்.
2. குட்டியைத் தனியாகப் பிரித்து வையுங்க. கூட்டத்தில் இருந்தால் மற்றதைப் பார்த்து அதுவும் திரும்பும், நாம ஏமாந்துடுவோம்.
3. அது தூங்கும்போது, பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வில் எழுந்துவிடும்.
4. இரண்டு மூன்று தடவை பாருங்க. ஒரு காது மட்டும் கேட்காதது இதில் தெரியாமல் போகலாம்.

செவிட்டுக் குட்டியைத் தெருவில் விடுவது பாவம். கைச்சைகை காட்டிப் பழக்கினால் அதுவும் நல்லா வளரும். ஆனால் அதை வைத்தும், செவிட்டுக் குட்டி போட்ட தாய் தகப்பனை வைத்தும் மறுபடி குட்டி எடுக்கக் கூடாது. உடன்பிறந்ததுகளை இணை சேர்ப்பதும் தப்பு. குறைகள் அடுத்த தலைமுறையில் கூடும்.

கடன் வாங்கும் முன் கணக்குப் போடுங்க

நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-இல் மத்திய அரசு விதிகள் வந்தன. விற்பனைக்குக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும். பெட்டைக்கு 18 மாதம் நிறைவதற்கு முன் இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் குட்டி எடுக்கலாம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது.

இரண்டு மாதக் குட்டியை இன்று வாங்குகிறீர்கள் என்று வையுங்க. 18 மாதம் ஆக இன்னும் 16 மாதம். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி வளர எட்டு வாரம். முதல் ரூபாய் கையில் வரவே 20 மாதம்! நம்ம கடன் தவணையோ மாதாமாதம். தீனிக்கும் ஊசிக்கும் செலவு வேற. ஆகவே கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காவலுக்கு ஒன்று வளர்ப்பது வேறு விஷயம்.

மறக்கக் கூடாதவை

• ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பார்வோ என்னும் இரத்தக்கழிச்சல் வந்தால் குட்டி சில நாளில் செத்துப்போகும்.
• மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசி, வருஷா வருஷம் தொடரணும்.
• குடற்புழு மருந்து, உண்ணி, சொறிக்குக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்க.
• வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், சாக்லேட் போடக் கூடாது.

எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடுங்க. சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போடணும். நோய் வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்க. யார் வீட்டு நாய்க்கு எப்போ ஊசி என்று குழு நோட்டில் குறித்து வைப்போம்!