உள்ளங்கையில் ஓர் இணையச் சேவையகம்

மாணவர்களே, இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது? குளிரூட்டப்பட்ட கட்டடத்தில் வரிசையாக அடுக்கிய கணினிகளிலிருந்து என்பீர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்றுப் பலகையும் அதே வேலையைச் செய்யும்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் இணையச் சேவையகத்தை, அதாவது வெப் சர்வரை, இயக்கினார். அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியின் செயலி வேகம் 25 மெகாஹெர்ட்ஸ். இன்று கடைகளில் கிடைக்கும் இ.எஸ்.பி.32 மைக்ரோகண்ட்ரோலரின் வேகம் 240 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். வைஃபை வசதியும் அதற்குள்ளேயே உண்டு. ஆனால், அதன் உள் நினைவகம் 520 கிலோபைட் மட்டுமே. காணொளித் தளம் நடத்த அது போதாது. உங்கள் வகுப்பறையின் வெப்பநிலையைக் காட்டும் பக்கத்துக்குத் தாராளம்.

சர்வர் என்ன செய்கிறது?

பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் அது வைஃபையில் இணைகிறது. ரௌட்டர் அதற்கு 192.168.1.20 போன்ற ஒரு முகவரியைத் தருகிறது. பிறகு அது 80 என்ற எண்ணுள்ள போர்ட்டில் காத்திருக்கிறது. அதே வைஃபையில் உள்ள கைப்பேசியின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால், உலாவி சில எழுத்து வரிகளை அனுப்பும். முதல் வரி ‘கெட்’ என்று தொடங்கும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். ஒரு வெற்று வரி வந்தால் கேள்வி முடிந்தது என்று பொருள்.

சர்வரின் பதிலும் எழுத்து வரிகள்தாம். முதலில் 200 என்ற எண். கேட்டது கிடைத்தது என்று அதற்குப் பொருள். கேட்ட பக்கம் இல்லையென்றால், நீங்கள் அடிக்கடி பார்த்திருக்கும் 404. அடுத்து, அனுப்பப்படும் பொருளின் வகை. பிறகு ஒரு வெற்று வரி. அதற்குப் பின்னரே பக்கத்தின் உள்ளடக்கம். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால், உள்ளடக்கத்தையும் தலைப்பு வரிகள் என்றே உலாவி எண்ணிக்கொள்ளும். திரையில் பக்கம் வராது.

ஆர்டுவினோ மென்பொருளில் இதற்கான நிரல் தொகுப்பு ஆயத்தமாக உள்ளது. இருபது முப்பது வரிகளில் வேலை முடியும். ஆயினும், மூன்று இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, காத்திருப்பு. டி.எச்.டி.22 வெப்பநிலை உணரியை 2 விநாடிக்கு ஒருமுறைதான் படிக்க வேண்டும். அதற்காக நிரலை ‘டிலே’ கட்டளையால் நிறுத்தி வைத்தால், அந்நேரத்தில் வரும் கேள்விகளும் காத்துக் கிடக்கும். கடிகாரத்தைப் பார்த்து, 2 விநாடி கடந்திருந்தால் மட்டும் உணரியைப் படித்து, அளவை ஒரு மாறியில் வையுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அந்த அளவையே கொடுக்கலாம்.

இரண்டு, தமிழ் எழுத்து. பக்கம் யு.டி.எஃப்-8 முறையில் உள்ளது என்று பதிலில் அறிவிக்காவிட்டால், தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் தோன்றலாம். இம்முறையில் ‘வெப்பம்’ என்ற சொல்லுக்கு 21 பைட் தேவை. கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரிந்தாலும், கொம்பும் புள்ளிகளும் தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

மூன்று, கட்டளை. செடிக்கு நீர் ஊற்றும் பம்ப்பை ஒரு சாதாரண இணைப்பால் முடுக்கிவிடாதீர்கள். நீங்கள் முகவரியைத் தட்டி முடிப்பதற்குள் சில உலாவிகள் பக்கத்தை முன்கூட்டியே கேட்டுவிடும். நீங்கள் அழுத்தாமலே பம்ப் ஓடும்! தகவல் கேட்க ‘கெட்’, செயலைத் தூண்ட ‘போஸ்ட்’ என்பதே முறை.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கும்படி ரௌட்டரில் வழி திறந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது 60-க்கும் மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியல்தான். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், பிடிபட்ட கருவிகள் ஒன்றுசேர்ந்து தாக்கியதில் டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. கருவிகளின் உரிமையாளர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. நீங்கள் செய்யும் பலகையும் அத்தகைய ஒரு கருவிதான். மேலும், எச்.டி.டி.பி. வரிகள் மறைகுறியாக்கம் இல்லாமல் செல்பவை. வீட்டுக் கதவின் பூட்டை அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தையும் தொட வேண்டாம், யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டே போதும்.

செய்து பாருங்கள்

பலகையை ஒரு நாள் சன்னல் அருகிலும், மறுநாள் வகுப்பின் நடுவிலும் வையுங்கள். காலை 8 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, மணிக்கொரு முறை பக்கத்தைத் திறந்து வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். இரு கோடுகளும் எந்த நேரத்தில் அதிகம் விலகுகின்றன? இடம் மாறியதால் வந்த வேறுபாடு எது, நாள் மாறியதால் வந்தது எது? இரண்டையும் பிரித்தறிய இந்தச் சோதனையை எப்படி மாற்றியமைப்பீர்கள் என்று நண்பர்களுடன் கலந்து பேசுங்கள்.