சங்கிலியின் ஒரு வளையம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஜீப்பில் மலையேறுவது பலருக்கு உல்லாசம். எங்கள் ஊரில் அது பிழைப்பு. போடிநாயக்கனூர் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் அதிகாலையில் ஜீப்புகள் புறப்பட்டு, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்கின்றன. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் அது தார்ச்சாலை. அதன் பிறகு வரும் தோட்டத்து மண்பாதைதான் உண்மையான சோதனை. அப்பாதைக்கு வண்டியை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை, ஒரு ஜீப் ஓட்டுநரின் மகன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலாவது, டயரின் காற்று. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 2,000 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 500 கிலோ. காற்று 30 பவுண்டு இருந்தால், தரையைத் தொடும் டயரின் பரப்பு தோராயமாக 240 சதுர சென்டிமீட்டர். அதையே 20 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு 360 ஆகிவிடும். அதே எடை அகன்ற பரப்பில் பரவுவதால் சக்கரம் சேற்றில் குறைவாகவே புதையும். ஆனால் கூர்மையான கற்கள் நிறைந்த பாதையில் இவ்வாறு செய்தால் டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

இரண்டாவது, கியர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் தனியாக ஒரு லோ கியர் உண்டு. அதைப் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும். சக்கரத்தைச் சுழற்றும் விசை அதே அளவு கூடும். இயந்திரம் இலவசமாக எதையும் தருவதில்லை என்று நாம் வகுப்பில் படித்தது இதுதான். இறக்கத்திலும் இதே கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் இறங்குபவன் பிரேக்கை மட்டுமே நம்புகிறான். அதுவோ சூடேறினால் பிடிக்காது.

மூன்றாவது, கருவிகள். கடப்பாரை, மண்வெட்டி, வடக்கயிறு, ஜாக்கி ஆகியவற்றுடன் ஒரு பலகையும் வேண்டும். ஜாக்கியை வெறும் சேற்றில் வைத்தால், வண்டி மேலே எழாது. ஜாக்கிதான் கீழே இறங்கும்.

நான்காவது, சங்கிலி. மழைக்காலத்தில் பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலி சுற்றுவார்கள். மேல்சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்றுவது அதன் வேலை. முந்தின இரவே ஒவ்வொரு வளையத்தையும் பார்த்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, மறுநாள் கணிதத் தேர்வு என்று சங்கிலியை டார்ச் ஒளியில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான்பா” என்றேன். தேய்ந்திருந்த ஒரு வளையம் மறுநாள் மலையில் அறுந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி, ஓரத்து வாய்க்காலில் சாய்ந்து நின்றது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம். உள்ளே இருந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர். மணிக்கட்டு பிசகி, பத்து நாள் கூலி போயிற்று.

அப்பா என்னைத் திட்டவில்லை. “கண்ணால பாத்தா தெரியாதுடா, விரலால தடவிப் பாரு” என்றார். அவ்வளவுதான். அம்மாவோ, “பரீச்சை எப்படிடா எழுதின?” என்று கேட்டார். தேர்வை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த வளையத்தின் வலிமையே என்று பின்னாளில் பாடத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அழுத்தம், விசை என்ற சொற்களை அப்பா அறியார். ஆனால் அவற்றின் பொருளை அறிவார். நானோ சொற்களை மட்டும் அறிந்திருந்தேன்.

இன்றும் விடுமுறைக்கு ஊர் சென்றால் சங்கிலியைப் பார்ப்பது என் வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளையமாக விரலால் தடவிப் பார்க்கிறேன். காலையில் அம்மா ஏறப்போவது அந்த வண்டியில்தான்.