நாற்றுகள் மடிவது ஏன்? மருந்துக் கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், வட்டவடை பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களுக்குக் காய்கறி சாகுபடி புதிதல்ல. புதிதாக வந்திருப்பது வீட்டோடு சேர்ந்த பசுமைக் குடில்தான். நாலைந்து இரும்புக் குழாய்கள், மேலே பாலிதீன் விரிப்பு, பக்கங்களில் வலை. மலையாளத்தில் இதையே 'மழமற' என்கிறார்கள். இடவப்பாதி மழையிலும் தக்காளி, மிளகாய், கத்தரி வளர்க்கலாம் என்பதால் பலரும் இதை விரும்புகிறார்கள்.

ஆனால் மழைக்குத் தப்பிய நாற்று, குடிலுக்குள்ளேயே மடிந்துபோவதுதான் பலருடைய குறை. விதைத்த ஏழாம் நாள் பச்சைப்பசேல் என்று நின்றது, பத்தாம் நாள் காலையில் பாதி சாய்ந்து கிடக்கிறது. உடனே கடைக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைத் தெளிக்கிறார்கள். அதற்குள் மீதி நாற்றும் போய்விடுகிறது. விதை, உரம், மருந்து என்று போட்ட பணத்தோடு ஒரு பருவமும் வீணாகிறது.

நாற்று சாவதற்குக் காரணம் ஒன்றல்ல. எந்தக் காரணம் என்று தெரியாமல் தெளிக்கும் மருந்து, காய்ச்சல்காரனுக்கு வயிற்றுவலி மருந்து கொடுப்பதற்குச் சமம். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. செத்த நாற்று எங்கே கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எங்கே செத்தது?

முதலில் தட்டையோ பாத்தியையோ முழுதாகப் பாருங்கள். ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவியிருந்தால் அது பூஞ்சாண நோய். எல்லா நாற்றும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி வாடினால் நோயாக இருப்பது அரிது. உப்போ, வெக்கையோ, வேகாத எருவோதான் காரணமாக இருக்கும். ஓரத்து வரிசை மட்டும் காய்ந்தால் காற்றும் வெயிலும் அடிக்கும் பக்கம் எது என்று கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் வறண்ட காற்று சில மணி நேரத்திலேயே குழித்தட்டை உலர்த்திவிடும்.

இன்னொன்றும் உண்டு. இரவில் பாலிதீன் கூரையின் உட்புறம் வியர்த்து, விடியற்காலையில் நீர் சொட்டும். அந்தச் சொட்டு விழும் கோட்டில் மட்டும் நாற்று அழுகினால், குற்றம் விதையில் இல்லை, கூரையில்தான். கூரைக்குப் போதிய சரிவும், மேலே வெக்கை வெளியேற வழியும் கொடுத்தால் அது நிற்கும்.

எப்படிச் செத்தது?

அடுத்து ஒரு நாற்றை வேரோடு எடுத்துப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு நீர் கோத்ததுபோல் மிருதுவாகி, நூல்போல் சுருங்கி, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். விதை முளைக்கவே இல்லை என்றால் மண்ணைக் கிளறி விதையைத் தேடுங்கள். விதை கூழாகியிருந்தால் அதுவும் இதே நோய்தான், முளை வெளிவருமுன்பே தாக்கியிருக்கிறது. விதை கெடாமல் அப்படியே இருந்தால் விதையின் வயதையோ வெக்கையையோ சந்தேகிக்க வேண்டும். மூடிய பாலிதீன் குடிலுக்குள் நடுப்பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எளிது. 35 டிகிரிக்கு மேல் தக்காளி விதை சரியாக முளைப்பதில்லை.

தண்டு வெளிறி, நீண்டு, தலைபாரம் தாங்காமல் சாய்ந்தால் வெளிச்சக் குறைவு. நிழல்வலையின்மேல் பாசியும் தூசியும் படிந்திருக்கலாம். இலை நுனியும் ஓரமும் கருகி, வேர் பழுப்பாக இருந்தால் உப்பு. தண்டு கத்தியால் அறுத்ததுபோல் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. இரவில் விளக்கோடு போய்ப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

நீரே நோய்க்கு வாகனம்

நாற்றழுகலை உண்டாக்குபவை பித்தியம், ரைசாக்டோனியா முதலிய பூஞ்சாணங்கள். பித்தியம் இனத்தைப் பற்றி, பீகாரில் உள்ள பூசாவில் பணியாற்றிய பட்லர் என்ற விஞ்ஞானி 1907-லேயே விரிவாக எழுதினார். இதன் வித்துகளுக்கு நீந்தும் சக்தி உண்டு. மண்துகள்களுக்கு இடையே நீர் தேங்கி நின்றால் ஒரு நாற்றிலிருந்து அடுத்த நாற்றுக்கு நீந்திப் போகும். 'வாடுகிறதே' என்று இரக்கப்பட்டு ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் நோய்க்கு வாகனமாவது இப்படித்தான். யூரியா போட்டால் தண்டு மேலும் இளகி நோய்க்கு இரையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாற்றங்காலில் எதற்கெடுத்தாலும் குருணை மருந்து போடும் பழக்கம் எல்லைப் பகுதியில் நீண்ட நாள் இருந்தது. ஃபியூரடான், போரேட் போன்றவற்றைக் கேரள அரசு 2011-ல் தடை செய்தது. போரேட் பின்னர் நாடு முழுவதுமே தடை செய்யப்பட்டது. இவை பூச்சிக்கும் நூற்புழுவுக்கும் உரிய கொடிய நஞ்சுகள். பூஞ்சாணத்தை இவை ஒன்றும் செய்யா. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக் குடிலில் இவற்றுக்கு இடமே இல்லை.

மண்ணும் எருவும்

சித்தூர் தாலுகாவின் கிழக்கில் கரிசல் மண். மலைப்பகுதியிலும் கேரளத்தின் பிற பகுதிகளிலும் பெரும்பாலும் புளிப்பு மண். கரிசல் மண்ணைத் தட்டில் நிரப்பினால் நீர் இறங்காது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருக்கும் இடங்களில் தட்டின் மேற்பரப்பில் வெள்ளை படியும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னை நார்க்கழிவு எளிதில் கிடைக்கிறது. ஆனால் பச்சையாக அதைப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பும் துவர்ப்புப் பொருள்களும் இளவேரைக் கருக்கும். ஊறவைத்த நீர் செம்பழுப்பு நிறம் மாறும்வரை பலமுறை அலச வேண்டும். மக்கவைத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

எரு வெந்ததா என்று அறிய ஒரு பிடி எருவை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வையுங்கள். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அது இன்னும் ஆகவில்லை. மண்ணின்மேல் சந்தேகமானால் உங்கள் கலவையில் பத்துத் தட்டைப்பயறும், கழுவிய ஆற்றுமணலில் பத்துத் தட்டைப்பயறும் ஊன்றி, இரண்டுக்கும் மழைநீர் விடுங்கள். மணலில் முளைத்து, கலவையில் கருகினால் பழி கலவைக்கே. அடுத்த முறை கலவை இரண்டில் ஒன்றுக்கு மழைநீரும் மற்றதற்குக் கிணற்று நீரும் விட்டால், தண்ணீரின் குணமும் தெரிந்துவிடும்.

என்ன செய்வது?

நாற்றழுகல் என்று உறுதியானால், சாய்ந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். இரண்டு நாள் நீரை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள். பிறகு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். சாய்ந்தது எழாது, மற்றது பிழைக்கும். அதே நாளில் டிரைக்கோடெர்மா இட வேண்டாம். தாமிரம் அந்த நன்மை செய்யும் பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும்.

அடுத்த விதைப்புக்கு முன்னேற்பாடே முக்கியம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, ஒரு நாள் கழித்து விதையுங்கள். பாத்தி 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். நெருக்கி விதைக்காதீர்கள். நீரைக் காலையில் மட்டும் விட்டால் மாலைக்குள் மேல்மண் உலரும். மாசி, பங்குனி வெயிலில் ஈரமண்ணின்மேல் மெல்லிய, நிறமற்ற பாலிதீன் தாளை விரித்து ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால், கீழ்நாட்டில் மண் பெருமளவு சுத்தமாகும். வெயில் குறைந்த வட்டவடைப் பக்கத்தில் தட்டுக்கு வேண்டிய கொஞ்சம் மண்ணை அரை மணி நேரம் ஆவியில் வேகவைப்பதே வழி.

நட்ட பிறகு வாடினால்

குடிலில் நன்றாக இருந்து, நட்டபின் இலை பச்சையாகவே திடீரென வாடினால் அது வேறு நோய், பாக்டீரியா வாடல். தண்டை அறுத்து ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். அறுவாயிலிருந்து பால்போல் நூலிழை இறங்கினால் அதேதான். இதற்குத் தெளிக்கும் மருந்து பயன்படாது. புளிப்பு மண்ணில் இது கடுமையாகத் தாக்கும். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா தக்காளியும், சூர்யா, ஹரிதா கத்தரியும், உஜ்வலா, அனுகிரகா மிளகாயும் இந்த வாடலைத் தாங்கும் ரகங்கள். தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வரும் ரகம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அங்கே காய்த்தது இந்த மண்ணில் நிற்குமா என்று கேட்டு வாங்குவது நலம்.

பார்த்தும் புலப்படாவிட்டால் உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனுக்குப் போங்கள். 1987 முதல் இவை இயங்கி வருகின்றன. பாலக்காடு மாவட்டத்துக்குப் பட்டாம்பியிலும், இடுக்கிக்குச் சாந்தன்பாறையிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நாற்றழுகலை மலையாளத்தில் 'தைச்சீயல்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். முழுக்கச் செத்த நாற்று சோதனைக்கு உதவாது. பாதி வாடியதும், அருகில் நல்லதாக நிற்பதுமாகச் சில நாற்றுகளை வேர்மண்ணோடு செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பாலிதீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். என்று விதைத்தீர்கள், எந்த நீர் விட்டீர்கள், என்ன உரமும் மருந்தும் இட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போனால், பார்க்கிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.